அறுபத்தொரு ஓட்டு

ஸ்ட்ரெச்சரை வண்டிக்குள் தள்ளப்போகும் நேரத்தில் டுவைட் ஹெய்ஸ்லர் முகத்தில் வைத்திருந்த பிராணவாயு மூடியை ஒரு கையால் விலக்கி, மகளைக் கிட்டே வரும்படி விரலை அசைத்தார். ரோண்டா குனிந்தாள்.

"போன்... சட்டைப் பையில இருக்கு. எடுத்துக்க."

"இப்ப எதுக்குப்பா அது?"

"அம்மா கையில குடுக்காத. யார் கூப்பிட்டாலும் அவ எடுக்கக் கூடாது."

ஆம்புலன்ஸ்காரப் பெண் மூடியை மறுபடி பொருத்தினாள். ரோண்டா அப்பாவின் சட்டைப் பையில் கையை விட்டாள். போன் சூடாக இருந்தது. அதற்குக் கீழே அவருடைய நெஞ்சு தாறுமாறாக எழுந்து இறங்குவது அவள் விரல்களில் தெரிந்தது.

வண்டி வருவதற்கே முப்பத்தெட்டு நிமிடம் ஆகியிருந்தது. டெல்வுட் கவுண்டி என்ற அந்த மாவட்டத்தில் இருந்த ஒரே ஆஸ்பத்திரியை மூடி ஆறு வருடம். இனி நாற்பது மைல் போக வேண்டும். அம்மா வெர்னா வீட்டு அங்கியோடு வாசற்படியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இடுப்பு அறுவைக்குப் பிறகு அவளுக்கு இரண்டு படி இறங்குவதே பெரும்பாடு. எதிர்ப் பண்ணைக்காரர் மெர்ல் காஸ்கில் தன் பிக்கப் வண்டியில் சாலையைக் கடந்து வந்துகொண்டிருந்தார். "நீ போம்மா, உங்கம்மாவை நான் கூட்டிட்டு வரேன்!" என்று சன்னலிலிருந்து கத்தினார். அவரைப் பார்த்ததும் ரோண்டாவுக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. ஓட்டுநருக்குப் பக்கத்தில் ஏறிக்கொண்டாள்.

ஜூன் மாதத்துச் சோளம் இருபுறமும் முழங்கால் உயரத்துக்கு நின்றது. பாதி வழியில் பின்னாலிருந்து எண்ணும் சத்தம் கேட்டது. ஒன்று, இரண்டு, மூன்று என்று முப்பது வரை அந்தப் பெண் எண்ணினாள். நிறுத்தினாள். மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்கினாள். ஓட்டுநர் வேகத்தைக் கூட்டினார். ரோண்டா திரும்பிப் பார்க்கவில்லை. தானும் வாய்க்குள் எண்ணிக்கொண்டே வந்தாள். ஆஸ்பத்திரி வாசலில் வண்டி நின்றபோதும் அந்தப் பெண் எண்ணிக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் குரலில் அவசரம் போயிருந்தது.

காலை ஒன்பது ஐம்பதுக்கு டாக்டர் வந்து சொன்னார். அப்பாவுக்கு எழுபத்திரண்டு வயது.

மெர்லும் அம்மாவும் வந்து சேர இன்னும் அரைமணி நேரம் ஆகும். ரோண்டா நடைக்கூடத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். கைப்பைக்குள் அப்பாவின் போன் அதிர்ந்தது. நின்றது. மறுபடியும் அதிர்ந்தது. எண் காட்டாத அழைப்பு. அவள் எடுக்கவில்லை. அது ஓய்ந்தபின் திரையில் பார்த்தாள்: கேட்டு முடித்தும் அழிக்காமல் வைத்திருந்த குரல் பதிவுகள் நாற்பத்துமூன்று.

எல்லாம் மே மாதத்துக்குப் பிறகு வந்தவை. மே மாதம் என்ன நடந்தது என்று அவளுக்குத் தெரியும்.

டுவைட் ஹெய்ஸ்லர் அடுப்புத் தொழிற்சாலையில் இருபத்தேழு வருடம் வேலை பார்த்தவர். அதை மூடி இயந்திரங்களை மெக்சிகோவுக்கு ஏற்றிய வருடம், கவுண்டியின் குடியரசுக் கட்சிக் கூட்டத்துக்கு முதல்முறையாகப் போனார். அன்று அந்த அறையில் பதினொரு பேர் இருந்தார்கள். எல்லாரும் வக்கீல், வங்கிக்காரர், நிலத் தரகர். அடுத்த கூட்டத்துக்கு டுவைட் தொண்ணூறு பேரைக் கூட்டிக்கொண்டு போனார். நாற்காலி போதாமல் சுவரோரம் நின்றார்கள். "இது கோட்டுக்காரங்களோட கட்சி இல்ல. சாப்பாட்டு டப்பா தூக்கிட்டு வேலைக்குப் போறவங்களோட கட்சி" என்று அன்று அவர் பேசியதை இன்னமும் ஊரில் சொல்வார்கள். அந்த வருடமே வங்கிக்காரரைத் தோற்கடித்துத் தலைவர் ஆனார். பதினொரு வருடம் தலைவராகவே இருந்தார். தலைவர் என்ற முறையில், ஓட்டு எண்ணிக்கையை உறுதிசெய்யும் தேர்தல் வாரியத்தின் நான்கு உறுப்பினர்களில் ஒருவராகவும் இருந்தார்.

மே மாத உள்கட்சித் தேர்தலில் கவுண்டி ஆணையர் பதவிக்குக் கோடி ஷ்ராக் என்ற இளைஞன் நின்றான். முப்பத்தொரு வயது. மாலை நேரங்களில் தன் கார்க் கொட்டகையிலிருந்து இணையத்தில் நேரலையில் பேசுவான். இருபதாயிரம் பேர் கேட்பார்கள். அவனுக்கு எதிராக நின்றது பழைய வங்கிக்காரரின் மருமகன். அறுபத்தொரு ஓட்டில் கோடி தோற்றான். டுவைட் கையால் ஒருமுறை எண்ண வைத்தார். அறுபத்தொன்று. மறுபடி எண்ண வைத்தார். அறுபத்தொன்று. அந்த முடிவை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

"அவனுக்குத்தானேப்பா நீங்களும் ஓட்டுப் போட்டீங்க?" என்று ரோண்டா கேட்டாள்.

"ஆமா. அவனுக்குத்தான். அதுக்காக எண்ணினது மாறிடுமா?"

கையெழுத்துப் போட்ட அன்று மாலையே கோடி நேரலையில் டுவைட்டின் போன் எண்ணைப் படித்தான். "கூப்பிட்டுக் கேளுங்க, யாருக்கு விலை போனார்னு" என்றான்.

ரோண்டா போனைக் காதோடு ஒட்டிவைத்துக் கேட்டாள். முதல் சில பதிவுகளில் வெறும் வசவு. துரோகி, விலைபோனவன், கிழட்டு நாய். ஒரு பெண் பைபிள் வசனத்தை மெதுவாகப் படித்துவிட்டு வைத்தாள். ஒருவன் சிரித்துக்கொண்டே இருந்தான், அவ்வளவுதான். பதினேழாவது பதிவில் ஒரு கரகரத்த குரல், வாயில் துணியைப் பொத்திக்கொண்டு பேசுவதுபோல.

"தூங்கிட்டியா, டுவைட்? உன் வீட்டுப் பின்கதவுத் தாழ்ப்பாள் சரியா விழாதுன்னு எங்களுக்குத் தெரியும். கொஞ்சம் மேல தூக்கி முட்டியால ஒரு இடி இடிச்சாப் போதும். வெர்னாவால ஓடக்கூட முடியாது. யோசிச்சுக்க."

ரோண்டா அதை இன்னொரு முறை கேட்டாள். அதற்குமேல் கேட்க முடியவில்லை. மற்ற குரல்கள் எங்கோ இருப்பவர்களுடையவை. டெக்சஸோ, புளோரிடாவோ, யாருக்குத் தெரியும். இந்தக் குரல் அவர்கள் வீட்டுச் சமையலறையில் நின்றிருக்கிறது.

அப்பா பேசியிருந்த அழைப்புகளைப் பார்த்தாள். கவுண்டியின் காவல் அதிகாரியான ஷெரிஃபின் அலுவலகத்துக்கு மூன்று முறை கூப்பிட்டிருக்கிறார். கடைசி அழைப்பு ஒரு நிமிடம்கூட நீடிக்கவில்லை.

நடைக்கூடத்தின் முனையில் லிஃப்ட் திறந்தது. மெர்ல் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, மறுகையால் அம்மாவைத் தாங்கியபடி வந்தார். ரோண்டாவின் முகத்தைப் பார்த்ததும் அம்மா நின்றுவிட்டாள்.

"எப்போ?" என்றாள்.

"ஒன்பது ஐம்பதுக்கும்மா."

அம்மா தலையை ஆட்டினாள். பிறகு, "அந்தக் கறுப்புக் காலுறை ஜோடியில ஒண்ணு துணி உலர்த்தற மெஷினுக்குள்ளேயே கெடக்கு. இன்னிக்கு ஜோடி மாத்திப் போட்டுக்கிட்டு இருந்தாரு," என்றாள். மெர்ல் சுவர்ப்பக்கம் திரும்பித் தோள் குலுங்க அழுதார்.

மறுநாள் புதன்கிழமை. ரோண்டா, தான் வரவேற்பாளராக வேலை பார்க்கும் பல் டாக்டரிடம் ஒரு வாரம் லீவு சொல்லிவிட்டு அம்மா வீட்டிலேயே தங்கியிருந்தாள். அந்தக் குரல்களைப் பற்றி அம்மாவிடம் அவள் எதுவும் சொல்லவில்லை. இரவு பின்கதவுக்கு முன்னால் சமையலறை மேசையை இழுத்துப் போட்டிருந்தாள். காலையில் அம்மா அதைப் பார்த்தாள். எதற்கு என்று கேட்காமல் மேசை நின்ற இடத்திலேயே உட்கார்ந்து காபி குடித்தாள். கேட்காமல் இருந்ததுதான் ரோண்டாவை உறுத்தியது. அம்மாவுக்கு எவ்வளவு தெரியும்?

துக்கம் கேட்க வருகிறவர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். ஒவ்வொருவரும் வாயைத் திறக்கும்போது ரோண்டா சொற்களைக் கேட்கவில்லை. குரலைக் கேட்டாள். மளிகைக்கடை வாண்டா. தபால்காரர். அப்பாவோடு அடுப்புக் கம்பெனியில் வேலை பார்த்த ஏர்ல். 'நல்ல மனுஷன்' என்றார்கள். 'தங்கமான மனுஷன்' என்றார்கள்.

பதினோரு மணிக்கு மெர்ல் பின்பக்கமாக வந்து, திறந்திருந்த சமையலறைச் சன்னலுக்கு வெளியே நின்றார். கையில் கருவிப் பெட்டி, புதுப் பூட்டு ஒன்று.

"வெர்னா இனிமே தனியா இருக்கப் போறாங்க. இந்தக் கதவை நான் எப்பவோ சரி பண்ணியிருக்கணும். டுவைட் இன்னிக்கு நாளைக்குன்னு சொல்லிக்கிட்டே இருந்தான்," என்றார்.

"உள்ள வந்து உக்காருங்க மெர்ல், காபி தரேன்," என்றாள் அம்மா.

"வேலையை முடிச்சிட்டுக் குடிக்கறேன்."

கதவை உள்ளிருந்து திறந்துவிடலாம் என்று ரோண்டா மேசையை நகர்த்தினாள். அதற்குள் அவர் வெளியிலிருந்து கைப்பிடியைப் பிடித்துக் கதவைச் சற்று மேலே தூக்கி, வலது முட்டியால் ஒரு இடி இடித்தார். தாழ்ப்பாள் தானே நழுவியது. கதவு திறந்துகொண்டது.

மெர்ல் உள்ளே வந்து மண்டியிட்டுத் திருகாணியைக் கழற்ற ஆரம்பித்தார்.

ரோண்டா நழுவிய தாழ்ப்பாளையே பார்த்தாள். இவரா? இவள் பிறப்பதற்கு முன்பிருந்தே எதிர்வீட்டில் இருப்பவர். இவளுடைய முதல் சைக்கிளுக்குச் சங்கிலி மாட்டியவர். இந்தக் கதவை எப்படித் திறப்பது என்று இன்னும் நாலைந்து பேருக்குத் தெரிந்திருக்கலாம். ஆனால் யார் அவர்கள்? ஒரு பேரும் ஞாபகம் வரவில்லை. அம்மா அவருக்குக் காபி ஊற்றிக்கொண்டிருந்தாள். மெர்ல் துளைபோடும்போது மரத்தூள் தரையில் உதிர்ந்தது. ரோண்டா அம்மாவுக்கும் அவருக்கும் நடுவில் போய் நின்றுகொண்டாள்.

வேலை முடிந்து, பூட்டை இரண்டு முறை திருகிக் காட்டி, மெர்ல் அவள் கையில் சாவிகளை வைத்தார்.

"ஒண்ணு உனக்கு, ஒண்ணு அம்மாவுக்கு."

"ரெண்டுதான் வந்துச்சா?"

"ம்," என்றார் மெர்ல். காபியைக் குடித்து முடித்துவிட்டுப் போனார். எத்தனை சாவி என்று பார்க்க, பூட்டு வந்த அட்டையை ரோண்டா குப்பைக் கூடையில் தேடினாள். இல்லை. அவர் எடுத்துப் போயிருந்தார்.

வெள்ளிக்கிழமை அடக்கம். லூத்தரன் தேவாலயம் நிரம்பி, பின்வரிசைக்குப் பின்னாலும் ஆட்கள் நின்றார்கள். டெல்வுட்டில் இவ்வளவு கூட்டத்தை ரோண்டா எந்தச் சாவுக்கும் பார்த்ததில்லை. அவள் முன்வரிசையில் அம்மாவின் கையைப் பிடித்து உட்கார்ந்திருந்தாள். முதுகுக்குப் பின்னால் முந்நூறு பேர் மூச்சுவிடுவது கேட்டது. அந்த நாற்பத்துமூன்று குரல்களில் எத்தனை இங்கே இருக்கின்றன? சவப்பெட்டியைச் சுமக்க நின்ற ஆறு பேரில் மெர்லும் ஒருவர். கறுப்புக் கோட்டு அவருக்குத் தோளில் இறுக்கமாக இருந்தது.

போதகர் ஜெபம் முடித்ததும், "நண்பர் ஒருவர் சில வார்த்தை பேச விரும்புகிறார்" என்றார். கோடி ஷ்ராக் எழுந்து வந்தான். அவனைப் பேச அழைத்தது யார் என்று ரோண்டா அம்மாவைப் பார்த்தாள். தான் இல்லை என்று அம்மா தலையசைத்தாள்.

கோடி இஸ்திரி போட்ட வேலைச் சட்டை அணிந்திருந்தான். டை இல்லை. பேச்சு நிதானமாக வந்தது.

"எனக்கும் டுவைட்டுக்கும் கருத்து வித்தியாசம் இருந்துச்சு. எல்லாருக்கும் தெரியும். குடும்பத்துக்குள்ள சண்டை வரத்தானே செய்யும்? ஆனா ஒண்ணு சொல்றேன். இந்தக் கவுண்டியில முதல் ஆளா எழுந்து நின்னவர் அவர்தான். நாம எல்லாரும் அவர் பின்னாடி வந்தவங்க." சற்று நிறுத்தினான். "முப்பத்தெட்டு நிமிஷம். ஆம்புலன்ஸ் வர முப்பத்தெட்டு நிமிஷம் ஆச்சு. நம்ம ஆஸ்பத்திரியை வித்துத் தின்னவங்க இன்னிக்கும் நல்லாத் தூங்கறாங்க. டுவைட்டை யார் கொன்னாங்கன்னு நமக்குத் தெரியும். மறக்க மாட்டோம்."

"மறக்க மாட்டோம்" என்று பின்வரிசையில் ஒரு குரல் எழுந்தது. இன்னொன்று. தேவாலயத்தில் கைதட்டக் கூடாது என்பதால் பலர் காலால் தரையைத் தட்டினார்கள். அந்த அதிர்வு இருக்கையின் மரத்தில் ஏறி ரோண்டாவின் தொடைக்கு வந்தது. அவன் சொன்ன முப்பத்தெட்டு நிமிடம் பொய்யில்லை. அதுதான் அவளை இன்னும் பயமுறுத்தியது. ஆஸ்பத்திரி இருந்திருந்தால் அப்பா இருந்திருப்பார். அதையும் நம்பினாள், இவனையும் கண்டு நடுங்கினாள்.

அடக்கம் முடிந்து தேவாலயத்துக் கூடத்தில் எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பன்றி இறைச்சி வைத்த ரொட்டி, பாலாடைக்கட்டி போட்டு வேகவைத்த உருளைக்கிழங்கு, பச்சை நிற ஜெல்லி. கோடி ஒரு தட்டோடு வந்து ரோண்டாவுக்கு எதிரே உட்கார்ந்தான்.

"நீங்க ஒண்ணும் சாப்பிடலையே."

"பசியில்ல."

"ஒரு விஷயம் கேக்கணும். இப்ப கேக்கறது சரியில்லதான். ஆனா செவ்வாய்க்கிழமை கட்சிக் கமிட்டி கூடுது. தேர்தல் வாரியத்துல உங்கப்பா இடம் காலியா இருக்கு. அதுக்கு உங்க பேரைச் சொல்லலாம்னு இருக்கோம்."

"என் பேரா? எனக்கு அரசியலே தெரியாது."

"அதனாலதான்." கோடி முள்கரண்டியால் உருளைக்கிழங்கைக் கிளறினான். "ஹெய்ஸ்லர்ங்கற பேர் வேணும். மேல இருக்கற தலைவருங்க வருவாங்க, போவாங்க ரோண்டா. அடுத்தது யாருன்னு அங்க அடிச்சுக்கட்டும். எனக்கு அதுல அக்கறை இல்ல. கீழ ஓட்டு எண்ணற மேசை யார்கிட்ட இருக்கோ, அவங்களுதுதான் கட்சி. அடுத்த இருபது வருஷம் அவங்களுது. உங்கப்பா பாதி தூரம் வந்து நின்னுட்டாரு. நாங்க நிக்கறதா இல்ல."

"நான் என்ன செய்யணும்?"

"பெரும்பாலும் ஒண்ணுமே செய்ய வேண்டாம். எப்பவாவது ஒரு தடவை, நாங்க சொல்றப்போ, எண்ணி வந்த முடிவுல கையெழுத்துப் போடாம இருக்கணும். அவ்வளவுதான். போடாம இருக்கறது ஒண்ணும் குத்தம் இல்லையே?"

ரோண்டா அவன் முகத்தைப் பார்த்தாள். பன்னிரண்டு வயதில் இவன் பல் கம்பி மாட்ட அவளிடம்தான் நேரம் குறித்து வருவான். ஊசிக்குப் பயந்து தன் அம்மாவின் கையைப் பிடித்து உட்கார்ந்திருப்பான்.

"எங்கப்பா நம்பரை நேரலையில படிச்சது நீதானே?"

"கூப்பிடச் சொன்னேன். மிரட்டச் சொல்லல. ஜனங்க கோவமா இருக்காங்க. அவங்க கோவத்துக்கு நான் பொறுப்பா?"

"நான் மாட்டேன்னா?"

"ஒண்ணும் பிரச்சினையில்ல. மெர்ல் காஸ்கில் ஒத்துக்கிட்டாரு."

கோடி எழுந்து அடுத்த மேசைக்குப் போனான். அங்கே யாரோ அவனைக் கட்டிப்பிடித்தார்கள்.

மெர்ல் கூடத்தில் இல்லை. வெளியே, வண்டிகள் நிறுத்தும் இடத்தில் தன் பிக்கப்பின் இறக்கிவிட்ட பின்பலகையில் உட்கார்ந்திருந்தார். கோட்டைக் கழற்றி மடியில் வைத்திருந்தார். பகல் வெளிச்சத்தில், கண்ணுக்கெட்டிய தூரத்தில் ஆட்கள் இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும் என்று ரோண்டா நினைத்தாள். நாலடி தள்ளி நின்றுகொண்டாள்.

"மெர்ல், எங்கப்பாவுக்குப் போன் பண்ணி என்ன சொன்னீங்க?"

அவர் தலையைத் தூக்கவில்லை. கோட்டின் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தார். கூடத்துக்குள்ளிருந்து யாரோ சிரிப்பது கேட்டது.

"நீ கேட்டியா அதை?"

"கேட்டேன்."

"அன்னிக்கு ஏழெட்டு பீர் குடிச்சிருந்தேன். கோடி பேசிக்கிட்டு இருந்தான். எல்லாரும் கூப்பிட்டாச்சு, நீ இன்னும் கூப்பிடலையான்னு நேரலைக்குக் கீழ எழுதிக்கிட்டே இருந்தாங்க. யார் யார் கூப்பிடலைன்னு பேர் போட்டாங்க ரோண்டா. என் பேரையும் போட்டாங்க." முகத்தைத் துடைத்தார். "நான் உள்ள வர்றதா இருந்தேன்னு அர்த்தம் இல்ல. எந்த வார்த்தை சொன்னா அவன் பயப்படுவான்னு யோசிச்சேன். எனக்குத் தெரிஞ்சது அந்தக் கதவுதான்."

"அது நீங்கன்னு அப்பாவுக்குத் தெரியுமா?"

"மறுநாள் காலையில வந்தான். என் டிராக்டர் பெல்ட்டு அறுந்து கெடந்துச்சு. ரெண்டு மணி நேரம் என்கூட நின்னு மாட்டிக் குடுத்தான். போறப்போ, 'மெர்ல், வெர்னா பேரைச் சொல்லாம இருந்திருக்கலாம்'னான். வேற ஒண்ணும் சொல்லல."

ரோண்டா கூடத்தின் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"வாரியத்துல அப்பா இடத்துக்கு ஒத்துக்கிட்டீங்களாமே."

"முடியாதுன்னு எப்படிச் சொல்றது?" இப்போதுதான் மெர்ல் நிமிர்ந்து பார்த்தார். அந்தக் கண்களைப் பார்த்தபின் அவருக்கும் தனக்கும் நடுவில் விட்டிருந்த நாலடி தேவையில்லை என்று அவளுக்குப் பட்டது. அவர் அவளைவிட அதிகமாகப் பயந்திருந்தார். "என் நம்பரும் அவன்கிட்ட இருக்கும்மா."

கால்சட்டைப் பைக்குள் கையை விட்டு, ஒரு சாவியை எடுத்து பிக்கப்பின் தகட்டில் வைத்தார்.

"மூணு வந்துச்சு. உங்கப்பா வீட்டுச் சாவி ஒண்ணு எப்பவும் என்கிட்ட இருக்கும். அந்தப் பழக்கத்துல வச்சுக்கிட்டேன். எடுத்துக்க."

அவள் எடுத்துக்கொண்டாள். பழக்கம்தான் என்பதை நம்பலாமா கூடாதா என்று தெரியவில்லை. தெரியாமலே திரும்பி நடந்தாள்.

கோடி வாசலில் நின்று வயதானவர்களுக்குக் கதவைத் திறந்துவிட்டுக்கொண்டிருந்தான். ரோண்டா அவன் முன்னால் போய் நின்றாள்.

"என் பேரைச் சொல்லு," என்றாள்.

"நிஜமாவா? ரொம்ப சந்தோஷம் ரோண்டா. உங்கப்பா இருந்திருந்தா..."

"இரு. முடிக்கல. எண்ணுவேன். எண்ணி வந்ததுல கையெழுத்துப் போடுவேன். உன் ஆளுங்க ஜெயிச்சாலும் போடுவேன், தோத்தாலும் போடுவேன். அதை இப்பவே சொல்லிடறேன். அப்புறமும் வேணும்னா என் பேரைச் சொல்லு. இல்லேன்னா வேண்டாம்."

பக்கத்தில் நின்ற இரண்டு மூன்று பேர் பேச்சை நிறுத்தினார்கள். வாண்டா கையிலிருந்த காகிதக் கோப்பையைப் பார்த்தாள். ஏர்ல் தொண்டையைச் செருமினார். "டுவைட் பொண்ணு வேற எப்படிப் பேசும்?" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, சொன்னது யார் என்று மற்றவர்கள் திரும்புவதற்குள் நகர்ந்துவிட்டார்.

கோடியின் முகத்தில் சிரிப்பு மாறவில்லை. அவ்வளவு பேர் பார்க்கும்போது செத்தவரின் மகளை வேண்டாம் என்று சொல்ல அவனால் முடியாது. அதை இருவரும் ஒரே நேரத்தில் புரிந்துகொண்டார்கள். அவன் அவள் தோளில் கையை வைத்து, இலேசாக அழுத்தினான்.

"அதெல்லாம் நவம்பர் தேர்தல் வரட்டும், பேசிக்கலாம்," என்றான். "உங்க நம்பர் என்கிட்ட இருக்கு."

சாயங்காலம் வீட்டில் வெளிச்சம் இன்னும் நன்றாக இருந்தது. வந்தவர்கள் கொண்டுவந்த சாப்பாட்டில் மீந்ததை ரோண்டா டப்பாக்களில் அடைத்துக் குளிர்பெட்டியில் திணித்தாள். காலியான கண்ணாடிப் பாத்திரங்களை அம்மா உயரமான முக்காலியில் உட்கார்ந்தபடி கழுவ, ரோண்டா துடைத்தாள். பாத்திரங்களின் அடியில், கொண்டுவந்தவர் பேரை ஒட்டுத்தாளில் எழுதி ஒட்டியிருந்தார்கள். அம்மா கவிழ்த்துப் பார்த்து, சாலைவாரியாகப் பிரித்து அடுக்கச் சொன்னாள்.

"வாண்டா... அது தெற்குச் சாலை. காஸ்கில், இங்கதான். ஏர்லோட சம்சாரம். இது ஷ்ராக், கோடியோட அம்மா. நூடுல்ஸ் நல்லாத்தான் இருந்துச்சு."

ரோண்டா அடுக்கினாள். பத்தொன்பது பாத்திரம்.

"இந்த வாரத்துக்குள்ள எல்லாத்தையும் திருப்பிக் குடுத்துடணும்," என்றாள் அம்மா. "நீ எங்கூட வரணும். ஒவ்வொரு வீட்டுலயும் இறங்கி நன்றி சொல்லணும்."

"ஒவ்வொரு வீட்டுக்குமாம்மா?"

அம்மா குழாயை மூடினாள். ஈரக்கையை மடியில் வைத்துக்கொண்டு மகளைப் பார்த்தாள்.

"உங்கப்பா பாத்ரூம்ல தண்ணியைத் திறந்துவிட்டுட்டுத்தான் போன்ல வந்ததையெல்லாம் கேப்பாரு," என்றாள். "எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது ரோண்டா."

வெளியே சாலையில் ஒரு பிக்கப் வேகம் குறைந்து, பிறகு போயிற்று. இருவரும் அதன் சத்தம் தேயும்வரை கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அம்மா கடைசிப் பாத்திரத்தை எடுத்தாள். நீள்சதுரமானது, ஓரத்தில் நீலக் கோடு போட்டது. கவிழ்த்தாள். சன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். அடியில் பேர் ஒன்றும் இல்லை.

"இதை யார் கொண்டு வந்தாங்க?"

"தெரியலம்மா. நான் பாக்கல."

அம்மா அதை இன்னொரு முறை அலசி, தானே துணியை வாங்கித் துடைத்து, மற்றவற்றோடு சேர்க்காமல் சன்னலோரத்தில் தனியாக வைத்தாள்.

"இருக்கட்டும்," என்றாள். "கேட்டுக்கிட்டு வருவாங்க."